அகழ்ந்த நிலம் மீண்டும் பசுமை பெறுமா?

காலையில் நாம் தேநீர் அருந்தும் பீங்கான் கோப்பையின் மேனியிலே கண்ணாடி போன்றதொரு பளபளப்பு உண்டு. அந்தப் பளபளப்புக்கும் உறுதிக்கும் காரணமாயிருப்பது பெல்ஸ்பார் என்னும் ஒரு கல்லாகும். வெண்மையாகவோ இளஞ்சிவப்பாகவோ காணப்படும் இக்கல்லை மாவாக அரைத்து, வெண்களியோடும் படிகக்கல்லின் தூளோடும் கலந்து சூளையிலிட்டால், கடும் வெப்பத்தில் முதலில் உருகுவது இதுவே. உருகிய பெல்ஸ்பார் மற்றத் துகள்களுக்கிடையே பரவி அவற்றை ஒன்றோடொன்று பிணைக்கின்றது. பாத்திரத்தின் மேற்பூச்சிலும் இதற்கு முக்கிய இடமுண்டு. இலங்கையில் இக்கல் கிடைக்கும் இடங்களைக் கூறும்போது புவிச்சரிதவியலார் குறிப்பிடும் பெயர்களுள் ஒன்று மாத்தளை மாவட்டத்து இரத்தோட்டை.

மாத்தளை நகருக்குக் கிழக்கே, நக்கிள்ஸ் மலைத்தொடரின் அடிவாரத்தில் அமைந்த சிற்றூர் இரத்தோட்டை. மிளகும் கிராம்பும் சாதிக்காயும் கொக்கோவும் செழிக்கும் மண் அது. அங்கிருந்து மேலேறிச் செல்லும் வீதி ரிவர்ஸ்டன் கணவாயைக் கடந்து இலுக்கும்புரவுக்குச் செல்கின்றது. சிங்களக் கிராமங்களும் தமிழ்த் தோட்ட மக்களின் குடியிருப்புகளும் அருகருகே அமைந்த அந்த மலைச்சாரலில், மண்ணின் மேற்புறத்தில் வளர்வதும் செல்வம், அதன் அடியிற் கிடப்பதும் செல்வம். ஒன்றை எடுக்கப்போய் மற்றதை இழந்துவிடலாகாதே என்பதுதான் இக்கட்டுரையின் கவலை.

மலைக்குள் விளைந்த கல்

மத்திய மலைநாட்டின் பாறைகள் மிகப் பழமையானவை. பூமியின் ஆழத்திலே வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிய பாறைகளே அங்கு பெரும்பாலும் காணப்படுகின்றன. அப்பாறைகளின் பிளவுகளுக்குள் உருகிய குழம்பு புகுந்து, மெல்ல மெல்லக் குளிர்ந்தபோது பெரிய பெரிய பளிங்குகள் உருவாயின. இவ்வாறு அமைந்த பாறையைப் பெக்மடைட் என்பர். பெல்ஸ்பார், படிகக்கல், நம் முன்னோர் காக்காப்பொன் என்று அழைத்த மைக்கா ஆகிய மூன்றும் அதில் ஒருங்கே இருப்பது வழக்கம். மாத்தளைக்கும் இரத்தோட்டைக்கும் இடைப்பட்ட கைக்காவல, ஓவல ஆகிய பகுதிகள் பெல்ஸ்பார் அகழ்வுக்குப் பெயர் பெற்றவை. மாத்தளை மாவட்டத்திலே சுண்ணக்கற் பாறைகளும் உண்டு. எலஹெரப் பகுதியிலோ இரத்தினக்கற்களும் உண்டு.

இந்தக் கற்களை எவரும் எடுக்கவே கூடாது என்று கூறுவது அறிவுடைமையாகாது. பீங்கான் தொழில் நம் நாட்டுக்கு வருவாய் தரும் தொழில். ஜப்பானின் நொரிட்டாக்கே நிறுவனத்தின் பங்குடன் 1972இல் தொடங்கிய போசிலின் தொழிற்சாலை மாத்தளையிலேயே உள்ளது. வீடு கட்டக் கருங்கல் வேண்டும், வீதிக்குச் சல்லி வேண்டும், கண்ணாடிக்குப் படிகமணல் வேண்டும். கேள்வி வேறு. கல்லை எடுத்தபின் அந்த நிலத்தை யார், எந்நிலையில், யாரிடம் ஒப்படைக்கின்றார் என்பதே கேள்வி.

முதலில் இழப்பது மேன்மண்

பாறையை அடைவதற்கு முன் அகழ்வோர் அகற்றும் பொருள் மேன்மண். அது அவர்களுக்குத் தடை, பயிருக்கோ உயிர். பாறை உடைந்து, இலைதழை மக்கி, மண்புழுவும் நுண்ணுயிரும் இடைவிடாது உழைத்து, ஓர் அங்குல மேன்மண் உண்டாவதற்குப் பல நூற்றாண்டுகள் செல்லும். அதனை ஓர் இயந்திரம் ஒரு பிற்பகலில் வழித்தெடுத்து விடுகின்றது.

மாணவர்கள் ஒரு சிறு கணக்கைச் செய்து பார்க்கலாம். ஓர் ஏக்கர் நிலத்தின் பரப்பு ஏறக்குறைய 4,047 சதுர மீற்றர். ஓர் அடி ஆழத்துக்கு அதன் மண்ணை அகற்றினால் சுமார் 1,230 கனமீற்றர் மண் கிடைக்கும். ஒரு தடவைக்கு 5 கனமீற்றர் ஏற்றும் டிப்பர் லொறியாயின் ஏறக்குறைய 250 முறை ஏற்ற வேண்டும். அம்மண்ணை ஒரு பக்கத்திற் பாதுகாத்து வைத்தால் பின்னர் திரும்பப் பரப்பலாம். விற்றுவிட்டாலோ பள்ளத்திற் தள்ளிவிட்டாலோ அதே தரமுடைய மண்ணை வேறெங்கிருந்து கொண்டுவருவது?

மண் மெலிந்தால் என்னவாகும் என்பதைக் காண இரத்தோட்டை மக்கள் நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. இலுக்கும்புர வழியிலுள்ள பிட்டவல பத்தனை என்னும் புல்வெளியைப் பலர் பார்த்திருப்பர். சாய்ந்த பாறையின்மேல் மிக மெல்லிய மண்போர்வையே அங்குண்டு. ஆகவே சுற்றிலும் காடு அடர்ந்திருந்தும், அந்தச் சரிவிலே புல்லைத் தவிரப் பெருமரங்கள் வேரூன்றுவதில்லை. அது இயற்கையே அமைத்த நிலை. அதற்குத் தனி அழகும் தனி உயிரினங்களும் உண்டு. ஆனால் மிளகுத் தோட்டம் இருந்த சரிவை நாமாக அந்நிலைக்குக் கொண்டுவந்தால், அங்கு பத்தனையின் அழகும் வராது, மிளகும் வராது.

மலையின் சேறு வயலின் துயர்

அகழ்வின் தீமை குழியோடு நின்றுவிடுவதில்லை. மூடுபச்சை நீங்கிய சரிவில் விழும் மழைத்துளி மண்ணைப் பெயர்க்கின்றது. பெயர்ந்த மண் ஓடைக்குச் செல்கின்றது. இரத்தோட்டைப் பகுதியின் ஓடைகள் சுது கங்கை, அம்பன் கங்கை ஆகியவற்றின் நீரேந்து பரப்பைச் சேர்ந்தவை. பொல்கொல்லவில் திருப்பப்படும் மகாவலி நீரும் 1976 முதல் உக்குவளை மின்நிலையத்தைக் கடந்து சுது கங்கையிற் கலந்து, போவத்தென்ன நீர்த்தேக்கத்தை அடைகின்றது. அங்கிருந்து ஒரு கிளை கலாவாவிப் பக்கமாகச் செல்ல, அம்பன் கங்கை வழியே செல்லும் நீர் எலஹெர அணையிலே திரும்பி மின்னேரியாவுக்குப் பயன்படுகின்றது.

எனவே மாத்தளை மலைச்சரிவிற் கவனமின்றிக் கொட்டிய ஒரு லொறி மண், வறண்ட வலயத்துக் கமக்காரனின் வாய்க்காலிற் படியும் வண்டலாகலாம். நீர்த்தேக்கத்தில் வண்டல் நிரம்பினால் அது கொள்ளும் நீர் குறையும். நீர் குறைந்தால் சிறுபோகம் குறையும். மலையில் வாழ்பவருக்கும் வயலில் வாழ்பவருக்கும் இடையே இப்படியொரு கண்ணுக்குத் தெரியாத உறவு இருக்கின்றது.

மற்றொரு அபாயம் மண்சரிவு. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் விடுக்கும் மண்சரிவு எச்சரிக்கைகளில் இரத்தோட்டையின் பெயர் அடிக்கடி இடம்பெறுகின்றது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி கொட்டிய பெருமழையால் மத்திய மலைநாடு அடைந்த துயரத்தை நாம் மறப்பதற்கில்லை. மாத்தளை மாவட்டமும் அதற்குத் தப்பவில்லை. அத்துயரத்துக்கு அகழ்வே காரணம் என்று கூறுதல் பொருந்தாது. அளவுகடந்த மழையே முதற்காரணம். ஆயினும், சரிவின் அடிப்பகுதியை வெட்டினால் மேற்பகுதி தாங்குதலை இழக்கும் என்பதும், வடிகாலில்லாத குழியில் தேங்கும் நீர் மண்ணுக்குள் ஊறி அதன் பிடிப்பைத் தளர்த்தும் என்பதும் பொறியியலின் அரிச்சுவடி. அத்தகைய சரிவுகளின் கீழே, தமக்கென ஒரு துண்டு நிலமுமின்றி லயங்களில் வாழும் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் பல. நிலத்தின் இலாபத்திற் பங்கில்லாதவர்கள் அதன் ஆபத்தில் முதற்பங்கு பெறுவது நீதியாகுமா?

அகழ்விடத்தில் உழைப்பவரையும் இங்கே நினைக்க வேண்டும். படிகக்கல்லை உடைக்கும்போது எழும் நுண்தூசி சுவாசப்பையிற் படிந்து, ஆண்டுகள் பல சென்றபின் சிலிக்கோசிஸ் என்னும் நோயை உண்டாக்கும். வந்தபின் அதனை முற்றாகத் தீர்க்கும் மருந்து இல்லை. துளையிடும் இடத்தில் நீர் தெளிப்பதும், தக்க முகக்கவசம் அணிவதும் செலவு குறைந்த காப்புகளாகும்.

கைவிட்ட குழிகள் சொல்லும் கதை

வேலை முடிந்ததும் அப்படியே விட்டுச் செல்லும் குழி காலப்போக்கில் தானே தூர்ந்துவிடும் என்று எண்ணுவோர் உளர். நம் நாட்டின் அனுபவம் அதற்கு மாறானது. எலஹெரப் பகுதியில் இரத்தினக்கல் தேடித் தோண்டிய குழிகளிலே மழைநீர் தேங்கி, மலேரியா நுளம்புகள் பெருக இடமளித்தன. இலங்கை மலேரியாவை ஒழித்துவிட்டதென்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் சான்றளித்தது உண்மையே. ஆயினும் தேங்கிய நீரும் நுளம்பும் உள்ளவரை விழிப்புக் குறையலாகாது. வேலியற்ற குழிகள் சிறுவருக்கும் கால்நடைக்கும் உயிராபத்தானவை என்பதையும் சொல்லவேண்டியதில்லை.

வடக்கே காங்கேசன்துறையை நோக்குவோம். 1950இல் உற்பத்தியைத் தொடங்கிய சீமெந்துத் தொழிற்சாலைக்காக அங்கே பல ஆண்டுகள் சுண்ணக்கல் அகழப்பட்டது. யுத்தத்தின் காரணமாக 1990இல் தொழிற்சாலை நின்றது; பள்ளங்கள் நின்றபடியே இருந்துவிட்டன. யாழ்ப்பாணக் குடாநாட்டின் நன்னீர், சுண்ணக்கற் பாறைக்குள் உவர்நீரின்மேல் மிதக்கும் ஒரு மெல்லிய வில்லை போன்றது. ஆழ அகழும்போது அந்த வில்லை குலைந்து உவர்நீர் புகும் அபாயம் உண்டு. கிணற்றை நம்பி வாழும் மக்களுக்கு இதைவிடப் பெரிய கவலை எது?

புத்தளம் அருவக்காட்டிலே இருவேறு காட்சிகளைக் காணலாம். சீமெந்துக்காகச் சுண்ணக்கல் எடுத்த நிலத்தின் ஒரு பகுதியில், உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் துணையுடன் வறண்ட வலயக் காட்டுமரங்களை மீண்டும் வளர்க்கும் முயற்சி நடந்தது. கல் தீர்ந்த மற்றொரு பகுதியோ கொழும்பின் குப்பையைப் புதைக்கும் இடமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. புனரமைக்காத குழிக்கு ஒருநாள் யாரோ ஒருவர் தமக்கு வசதியான பயனைக் கண்டுபிடித்துவிடுவர் என்பது இதனால் விளங்கும். அது அயலிலுள்ளவர் விரும்பிய பயனாக இராது.

நிலத்தை மீட்கும் வகை

அகழ்ந்த நிலத்தை மீட்பது மந்திரமன்று. முறையறிந்து செய்யும் வேலை. அதன் முதல் விதி, புனரமைப்பு அகழ்வு முடிந்தபின் தொடங்குவதன்று. முதல் மண்வெட்டி விழுமுன்பே தொடங்குவது என்பதாகும். எங்கே வெட்டுவது, மண்ணை எங்கே குவிப்பது, நீரை எவ்வழியே விடுவது என்பனவெல்லாம் முன்கூட்டியே வரைபடத்தில் இருத்தல் வேண்டும்.

இரண்டாவது, மேன்மண்ணைத் தனியே எடுத்து, கீழ்மண்ணோடும் கற்பொடியோடும் கலவாமற் குவிக்க வேண்டும். குவியல் மிக உயரமாயிருந்தால் அடியிலுள்ள நுண்ணுயிர்கள் காற்றின்றி மடியும். நீண்டகாலம் கிடந்தாலும் மண் தன் சத்தை இழக்கும். ஆகவே தாழ்ந்த குவியலாக வைத்து, அதன்மேற் புல் வளரவிட்டு, இயன்றவரை விரைவில் திரும்பப் பயன்படுத்துதல் நன்று.

மூன்றாவது, செங்குத்தான வெட்டுமுகங்களைப் படிப்படியான தளங்களாக அமைத்து, ஒவ்வொரு படியிலும் நீர் வடிய ஓடை வெட்ட வேண்டும். ஓடையின் முடிவில் சேற்றைத் தடுத்து நிறுத்தும் சிறு குளம் ஒன்று அவசியம். கழிவுக்கல்லைக் குழியின் அடியிலிட்டு, அதன்மேற் கீழ்மண்ணையும், எல்லாவற்றுக்கும் மேலே மேன்மண்ணையும் பரப்புவது ஒழுங்கு. முற்றாக நிரப்ப இயலாத ஆழக்குழியாயின், அதன் கரையைச் சரிவாக்கி, வேலியிட்டு, பயன்தரும் குளமாக மாற்றலாம்.

நான்காவது நடுகை. எடுத்த எடுப்பில் பலாவையும் தேக்கையும் நட்டுப் புகைப்படம் பிடித்துச் செல்வதாற் பயனில்லை. முதலில் மண்ணைப் பிடிக்கும் புல் வேண்டும். ஆழ வேரோடும் வெட்டிவேர் இதற்குச் சிறந்தது. அடுத்து, காற்றிலுள்ள நைதரசனை மண்ணிற் சேர்க்கும் அவரைக் குடும்பத் தாவரங்கள் வேண்டும். மாத்தளைத் தோட்டங்களில் மிளகுக்கொடி படரும் கிளிரிசீடியா அக்குடும்பத்தைச் சேர்ந்ததே. அதன் தழையை வெட்டிப் பரப்பினால் மண்ணுக்கு எருவுமாகும், போர்வையுமாகும். மண் தேறியபின் அப்பகுதிக்குரிய பலா, மருது முதலிய மரங்களை நடலாம். முதற் சில ஆண்டுகள் களையெடுத்து, பட்டுப்போன கன்றுக்கு மறுகன்று வைக்க ஆள் இருந்தாலன்றி எந்த நடுகையும் தோப்பாகாது.

பிற நாடுகளின் பாடம்

தமிழ்நாட்டின் நெய்வேலி இத்துறையில் நமக்கு அண்மையிலுள்ள பெரும் எடுத்துக்காட்டு. 1956இல் நிறுவனம் அமைந்து, 1957இல் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடக்கிவைக்க, 1961இல் நிலக்கரி வெளிப்பட்டது. ஒரு தொன் பழுப்பு நிலக்கரியை எடுக்க அதைப்போற் பல மடங்கு மேல்மண்ணை அகற்ற வேண்டியிருந்தது. நிலக்கரிப் படைக்குக் கீழே அழுத்தத்தோடு நிற்கும் நிலத்தடி நீரையும் ஓயாது இறைக்க வேண்டியதாயிற்று. நிலக்கரி எடுத்த இடத்தை அகற்றிய மண்ணாலேயே நிரப்பி, பசுந்தாள் உரத்தாலும் நுண்ணுயிர் உரத்தாலும் அதனைத் தேற்றி, மரங்களும் பயிர்களும் வளர்த்துள்ளனர். இது பாராட்டுக்குரியது. ஆனால் நிலத்தை இழந்த விவசாயிகளின் மனக்குறை அதனால் தீர்ந்துவிடவில்லை. 2023 ஜூலையில் வளையமாதேவியில் விளைந்துநின்ற நெற்பயிருக்கிடையே வாய்க்கால் வெட்டியபோது எழுந்த கொந்தளிப்பு அதற்குச் சான்று. மண்ணை மீட்பது ஒன்று. மனிதருக்கு நியாயம் செய்வது மற்றொன்று. இரண்டும் வேண்டும்.

இங்கிலாந்தின் கோர்ன்வால் பிரதேசத்தில் பீங்கானுக்குரிய வெண்களியை எடுத்த ஒரு பெருங்குழி இருந்தது. கழிவு மணலோடு மக்கிய மரப்பட்டை முதலியவற்றைக் கலந்து, எண்பதாயிரம் தொன்னுக்கும் மேற்பட்ட செயற்கை மண்ணை அங்கேயே உண்டாக்கி, 2001இல் அதனை உலகத் தாவரங்களின் தோட்டமாகத் திறந்தனர். இன்று அது ஈடன் திட்டம் எனப் பெயர்பெற்று, பல நாட்டவரையும் ஈர்க்கின்றது.

இதற்கு எதிர்மாறானது பசிபிக் கடலிலுள்ள நவுறு. 21 சதுர கிலோமீற்றரே பரப்புள்ள அத்தீவின் பொசுபேற்றைப் பிறநாட்டார் பல பத்தாண்டுகள் அகழ்ந்தனர். தீவின் பெரும்பகுதி கூரிய கற்றூண்கள் நிறைந்த பாழாயிற்று. நவுறு 1989இல் அவுஸ்திரேலியாவுக்கு எதிராகச் சர்வதேச நீதிமன்றம் சென்றது; 1993இல் இருநாடுகளும் இணக்கத்துக்கு வந்தன. இழப்பீடு கிடைத்தது. ஆயினும் இழந்த மண் பணத்தைப்போல் எண்ணிக் கொடுக்கக் கூடியதன்று.

சட்டம் கூறுவதும் நாம் செய்வதும்

இலங்கையில் 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனியங்கள் சட்டத்தின்படி கனியங்கள் அரசுக்கு உரியவை. அவற்றை அகழ விரும்புவோர் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் பெறவேண்டும். நிலத்தைப் புனரமைப்பதற்கு ஈடாகப் பிணைப்பணமும் வைக்கவேண்டும். இரத்தினக்கல் அகழ்வுக்கும் இதுபோன்ற வைப்புமுறை உண்டு. அதனை மேற்பார்ப்பது தேசிய இரத்தினக்கல், ஆபரண அதிகார சபை. இவற்றோடு 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டமும் உண்டு. ஏட்டிலே குறையில்லை. பிணைப்பணம் புனரமைப்புச் செலவைவிடக் குறைந்திருந்தால், அதைக் கைவிட்டுப் போவதே சிலருக்கு இலாபமாகிவிடும் என்பதுதான் சட்டத்தின் பலவீனமான இடம்.

எளிய மக்களும் சட்டத்தின் துணையை நாடலாம் என்பதற்கு எப்பாவல வழக்கு ஓர் உதாரணம். அனுராதபுர மாவட்டத்து எப்பாவலவிலுள்ள பொசுபேற்றைப் பெருமளவில் அகழ வெளிநாட்டுக் கம்பனியொன்றுடன் செய்யவிருந்த உடன்படிக்கையை எதிர்த்து, அவ்வூரார் சிலர் உயர் நீதிமன்றத்தை அணுகினர். 2000ஆம் ஆண்டு ஜூன் மாதம் நீதியரசர் அமரசிங்க எழுதிய தீர்ப்பு அவர்களுக்குச் சார்பாய் அமைந்தது. நிலத்துக்கு அரசன் சொந்தக்காரனல்லன், காவலனே என்று மகிந்த தேரர் தேவநம்பியதீசனுக்குக் கூறியதாக வழங்கும் பழம் போதனையையும் அத்தீர்ப்பு நினைவூட்டியது.

இரத்தோட்டையைச் சுற்றியுள்ள நக்கிள்ஸ் மலைத்தொடர் 2010இல் மத்திய மலைநாட்டு உலக மரபுரிமையின் ஒரு பகுதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. எல்லைக்கோட்டுக்கு உள்ளேயிருக்கும் காட்டுக்குக் காவலர் உண்டு. கோட்டுக்கு வெளியேயிருக்கும் தோட்டத்துக்கும் ஓடைக்கும் அயலவரே காவலர். ஊரில் புதிதாக ஓர் அகழ்வு தொடங்கும்போது மாதர் சங்கமும், கிராம அபிவிருத்திச் சங்கமும், பாடசாலைச் சுற்றாடற் கழகமும் கேட்கவேண்டிய கேள்விகள் நான்கே: அனுமதிப்பத்திரம் உண்டா? மேன்மண் எங்கே குவிக்கப்படும்? மழைநீர் எந்த ஓடைக்குச் செல்லும்? வேலை முடிந்தபின் இந்த நிலம் என்னவாக இருக்கும்? கேட்பதற்குப் பட்டமும் பதவியும் தேவையில்லை. மழைக்கு முன்னும் பின்னும் ஓடைநீரைக் கண்ணாடிக் குவளையில் எடுத்து, படியும் சேற்றை அளந்து குறித்து வைக்கும் பத்தாம் வகுப்பு மாணவன், அதிகாரியிடம் காட்டத்தக்க ஆதாரத்தைத் தன் கையாலேயே உண்டாக்கியவனாவான்.

பெருந்தோட்டக்காலத்தில் இம்மலைகளின் காடு கோப்பிக்காக வெட்டப்பட்டது. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. அந்தக் காடு திரும்பி வரவில்லை. அன்று மலைக்கு வந்து உழைத்தவர்களின் பேரப்பிள்ளைகளே இன்று அச்சரிவுகளில் வாழ்கின்றனர். கல் ஒருமுறை தரும் செல்வம். மண் தலைமுறைதோறும் தரும் செல்வம். கல்லை எடுப்பவரிடம் மண்ணைத் திருப்பிக் கேட்பது பகையன்று, கடமை. அக்கடமையை இப்போதே செய்தால், அகழ்ந்த சரிவிலும் மிளகுக்கொடி மீண்டும் ஏறும்.